உடம்புக்குள்ள இரும்பு இருக்கா, ஐயா?

எம்.ஆர்.ஐ. அறைக்குள் யாரையும் விடுவதற்கு முன் டெக்னீஷியன் வரிசையாகக் கேள்வி கேட்பார். இதயத்தில் பேஸ்மேக்கர் உண்டா? ஆபரேஷனில் பிளேட், ஸ்க்ரூ வைத்திருக்கிறார்களா? பெரும்பாலானவர்கள் "இல்லை, இல்லை" என்று தலையாட்டிவிட்டு உள்ளே போய்விடுவார்கள். எதிரில் இருப்பவர் பட்டாளத்தில் இருந்தவர் என்றால் மட்டும் ஒரு கேள்வியை நிறுத்தி, நிதானமாகக் கேட்க வேண்டியிருக்கிறது: குண்டுச் சிதறலோ தோட்டாவோ உடம்பில் தங்கியிருக்கிறதா?

எல்லாச் சிதறலையும் மருத்துவர்கள் எடுத்துவிடுவதில்லை. நரம்புக்கும் ரத்தக் குழாய்க்கும் பக்கத்தில் கிடக்கும் துண்டைத் தோண்டி எடுப்பது, விட்டுவைப்பதைவிட ஆபத்தாகலாம். சதை அதைச் சுற்றி மூடிக்கொள்ளும். 1971 போரில் அடிபட்டவருக்கு இன்று எழுபது வயதைத் தாண்டிவிட்டது. 1987 முதல் 1990 வரை இலங்கைக்கு அனுப்பப்பட்ட அமைதிப்படையில் இருந்தவர்களும் 1999 கார்கிலில் நின்றவர்களும் மூட்டுவலி, முதுகுவலி என்று ஸ்கேனுக்கு வரும் வயதில் இருக்கிறார்கள். உள்ளே இருக்கும் துண்டு அவர்களுக்கே மறந்துபோயிருக்கலாம்.

காந்தத்துக்கு அந்த மறதி கிடையாது. வழக்கமான 1.5 டெஸ்லா எம்.ஆர்.ஐ. கருவியின் காந்தப்புலம் பூமியின் காந்தப்புலத்தைப்போல ஏறத்தாழ 30,000 மடங்கு. ஸ்கேன் ஓடாத நேரத்திலும் அந்தக் காந்தம் வேலை செய்துகொண்டே இருக்கும். ஈயத்தின்மேல் செம்பு உறை போட்ட தோட்டாவை அது பொருட்படுத்தாது. எஃகு உள்ளீடு கொண்ட தோட்டாவையும் இரும்புச் சிதறலையும் இழுக்கும், திருப்பும். தொடைச் சதையில் புதைந்த துண்டு அசையாமல் இருந்துவிடலாம். கண்ணுக்குள் இருப்பது அப்படியல்ல. கண்ணில் இரும்புத் துணுக்கு இருந்த ஒரு தொழிலாளி எம்.ஆர்.ஐ.க்குப் பின் பார்வை இழந்தது 1986-ல் மருத்துவ இதழில் பதிவானது. சந்தேகம் இருந்தால் முதலில் கண்குழிக்கு ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடும் வழக்கம் அதனால்தான் வலுத்தது.

தோட்டாவைத் தேடிப் பிறந்த வேலை

எக்ஸ்ரேவும் போரும் சேர்ந்தே வளர்ந்தவை. ரான்ட்ஜன் 1895 நவம்பரில் இந்தக் கதிரைக் கண்டுபிடித்தார். இரண்டே ஆண்டில், 1897-98-ல், இந்தியாவின் வடமேற்கு எல்லையில் நடந்த திரா போருக்கு பீவர் என்ற ராணுவ மருத்துவர் எக்ஸ்ரே கருவியைக் கொண்டுபோய், காயம்பட்டவர்களின் உடம்பில் தோட்டா எங்கே கிடக்கிறது என்று படம் பிடித்தார். 1898-ல் சூடானில் பேட்டர்ஸ்பி என்ற மருத்துவர், இரண்டு பேர் மிதிக்கும் சைக்கிளால் டைனமோவைச் சுழற்றி மின்சாரம் எடுத்தார். முதல் உலகப் போரில் மேரி க்யூரி எக்ஸ்ரே வண்டிகளைப் போர்முனைக்கு ஓட்டிச் சென்றதோடு, அவற்றை இயக்கப் பெண்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1934-ல் திறக்கப்பட்ட கதிரியல் நிலையம், கேப்டன் என்ற பட்டத்தோடே அறியப்பட்ட பர்னார்டின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அன்று கேட்ட கேள்வி, இரும்பு எங்கே இருக்கிறது என்பது. எடுப்பதற்காகக் கேட்டார்கள். இன்று காந்தத்திடமிருந்து காப்பதற்காகக் கேட்கிறோம். பதில் தேடும் முறை பெரிதாக மாறவில்லை. பழைய தழும்பின் மேல் சின்ன உலோக அடையாளம் ஒட்டி, நேராக ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம். ஒரே படத்தில் துண்டு எலும்புக்கு முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்று சொல்ல முடியாது.

அட்டென்ஷன் நிற்கக் கூடாது

நெஞ்சு எக்ஸ்ரேவுக்கு "நிமிர்ந்து நில்லுங்கய்யா" என்றால் பழைய ஹவில்தார் தோளைப் பின்னுக்கு இழுத்து, நெஞ்சை நிமிர்த்திவிடுவார். அணிவகுப்புக்கு அது அழகு. படத்துக்கு ஆகாது. தோள்பட்டை எலும்புகள் நுரையீரல் மேல் வந்து விழுந்து மறைக்கும். "கையை இடுப்பில வைங்க, தோளை முன்னால தள்ளுங்க" என்று பல வருடப் பழக்கத்தை ஒரு நிமிடம் கலைக்க வேண்டும்.

பீரங்கிச் சத்தத்தில் காது மந்தமானவர்கள் உண்டு. எம்.ஆர்.ஐ.க்குள் காதுக்கருவியைக் கழற்றியாக வேண்டும். கழற்றிய பிறகு "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்பது கேட்காது. கையில் எத்தனை தட்டினால் என்ன அர்த்தம் என்பதைக் கழற்றுவதற்கு முன்பே பேசிவைத்துக்கொள்வதுதான் வழி. முழங்கால் தேய்மானத்தைப் படுத்திருக்கும்போது எடுத்த படம் குறைத்துக் காட்டும். எடை தாங்கி நிற்கும்போது எடுக்க வேண்டும். நிற்க முடியாதவர்கூட "ஒண்ணும் இல்ல சார், நிப்பேன்" என்பார். வலியைச் சொல்லாமல் இருந்து பழகிய உடம்பு அது. முகத்தைப் பார்த்துத்தான் உட்கார வைக்க வேண்டும்.

டெக்னீஷியனுக்கும் உடம்பு உண்டு. அவர் வாங்கும் கதிரை அளக்க நெஞ்சில் குத்தியிருக்கும் டி.எல்.டி. பேட்ஜ் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வுக்குப் போகும். இந்திய அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் கதிர்ப் பணியாளருக்கு வைத்திருக்கும் வரம்பு, ஐந்து ஆண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. தள்ளாடும் பெரியவரை ஒவ்வொரு முறையும் தானே பிடித்துக்கொண்டு நிற்பது இரக்கமாகத் தெரியலாம். கூட வந்த மகனுக்கு ஈய அங்கி மாட்டிப் பிடிக்கச் சொல்வதுதான் விதி. மகனுக்கு அது ஒரு நாள். டெக்னீஷியனுக்கு அது தினமும்.

மணலூர்பேட்டையிலிருந்து கிளம்பினால்

இந்தப் படங்களை எடுக்க ஒருவர் எங்கெல்லாம் போக வேண்டியிருக்கிறது என்று ஓர் ஊரிலிருந்து பார்ப்போம். தை ஐந்தாம் நாள் திருவண்ணாமலை அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு வந்திறங்கும் தென்பெண்ணைக் கரை ஊர் மணலூர்பேட்டை. 2019 நவம்பரில் பிறந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது. இங்கே குடியிருக்கும் மிலிட்டரிக்காரர் ஒருவர் எக்ஸ்ரேவுக்குத் திருக்கோவிலூர் போகலாம். 2022 ஜனவரியில் திறந்த கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம். திருவண்ணாமலைக்கோ வேலூருக்கோ பஸ் ஏறலாம். கல்வராயன் மலையிலிருந்து வருபவர் இதற்கெல்லாம் முன் மலையிறங்க வேண்டும். ஓய்வூதியம் பெறும் படைவீரர்களுக்காக 2003 ஏப்ரலில் தொடங்கிய இ.சி.எச்.எஸ். திட்டத்தில், பாலிக்ளினிக் மருத்துவர் எழுதிக் கொடுத்தால் அங்கீகாரம் பெற்ற தனியார் மருத்துவமனையிலும் ஸ்கேன் எடுக்கலாம்.

வசதி கூடியதில் ஒரு சிக்கலும் கூடியது. ஒவ்வொரு இடத்திலும் புது டெக்னீஷியன். சிதறலை முதலில் கண்ட படம் எங்கோ ஒரு ராணுவ மருத்துவமனையில் தங்கிவிட்டது. துண்டு மட்டும் அவரோடு ஊர் ஊராக வருகிறது. அமெரிக்காவில் உடம்பில் சிதறல் தங்கிய முன்னாள் படைவீரர்களைப் பதிவு செய்து கண்காணிக்க 2008-ல் பால்டிமோரில் தனி மையமே தொடங்கினார்கள். திருக்கோவிலூர் எக்ஸ்ரே அறைக்கு அவ்வளவு தேவையில்லை. பெரியவரின் டிஸ்சார்ஜ் புக்கோடும் இ.சி.எச்.எஸ். கார்டோடும் ஒரு தாள் இருந்தால் போதும்: எந்த வருடம், எந்த இடத்தில் காயம், எடுத்தார்களா விட்டார்களா, கடைசி எக்ஸ்ரே எப்போது. எக்ஸ்ரே எடுத்தவர் அந்தத் தாளில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்கலாம். அடுத்த ஊர் டெக்னீஷியன் அதைப் படித்துவிட்டுத்தான் கதவைத் திறப்பார். தாள் இல்லையென்றாலும், கேட்காத கேள்விக்கும் பதில் சொல்லிவிடுங்கள் பெரியவர்களே. மறந்துபோனால், தழும்பையாவது காட்டுங்கள்.