அசையாத விளக்குதான் ஆபத்து

நடுக்கடல். இரவுக் காவலில் நிற்கும் கப்பல் அதிகாரிக்குத் தூரத்தில் இரண்டு கப்பல்களின் விளக்குகள் தெரிகின்றன. ஒன்று மெல்ல நகர்ந்து பின்பக்கம் போகிறது. மற்றொன்று ஒரே திசையில் அப்படியே நிற்கிறது. அவர் எதைக் கண்டு உஷாராக வேண்டும்? அந்த அசையாத விளக்கைக் கண்டுதான்!

மைதானத்தில் சோதித்துப் பாருங்கள். தரையில் பெரிய ‘ட’ போடுங்கள். இரண்டு கோடும் ஒரே நீளம் இருக்கட்டும். படுத்திருக்கும் கோட்டின் நுனியில் நீங்கள், நிற்கும் கோட்டின் நுனியில் உங்கள் தோழி. இருவரும் மூலையை நோக்கி ஒரே வேகத்தில் நடங்கள். ஒரு கையைத் தோழியை நோக்கி நீட்டியபடியே நடக்க வேண்டும். கையைத் திருப்ப வேண்டிய தேவையே வராது. ஆனால் தோழி கிட்டே வந்துகொண்டே இருப்பாள். முட்டிக்கொள்ளும் முன் நின்றுவிடுங்கள்! அடுத்த முறை அவள் மெதுவாக நடக்கட்டும். உங்கள் கை கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் திரும்பும். நீங்கள் மூலையை முதலில் தாண்டிவிடுவீர்கள்.

கப்பலில் கைக்குப் பதிலாகத் திசைகாட்டி. அடுத்த கப்பல் இருக்கும் கோணத்தைத் திரும்பத் திரும்ப அளக்கிறார்கள். கோணம் மாறாமல் தூரம் மட்டும் குறைகிறதா? யாராவது விலகியே ஆக வேண்டும்.

யார் விலகுவது? 1972-இல் உருவாகி 1977 முதல் நடப்பில் இருக்கும் உலகப் பொது விதிகள் அதைச் சொல்கின்றன. எந்திரத்தால் ஓடும் இரண்டு கப்பல்கள் குறுக்கே வந்தால், தன் வலப்பக்கம் மற்றதைப் பார்க்கும் கப்பல் விலக வேண்டும். நம் ‘ட’வில் அது நீங்கள்தான். இரவில் இதை விளக்கே சொல்லிவிடும். ஒவ்வொரு கப்பலுக்கும் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. தோழி ஒரு கப்பல் என்றால் அவளுடைய சிவப்புதான் உங்களுக்குத் தெரியும். அவளுக்கு உங்கள் பச்சை தெரியும். எவ்வளவு அழகான ஏற்பாடு!

விலகும்போது கொஞ்சமாகத் திரும்பினால் போதாது. எதிரில் இருப்பவர் பார்த்ததும் புரிந்துகொள்ளும் அளவுக்கு நன்றாகத் திரும்பி, அவர் கப்பலின் பின்புறமாகப் போக வேண்டும். நேருக்கு நேர் வந்தால் இரண்டும் வலப்பக்கம் திரும்ப வேண்டும். 1956 ஜூலையில் அமெரிக்காவின் நான்டக்கெட் தீவுக்கு அருகே, ஆன்ட்ரியா டோரியா, ஸ்டாக்ஹோம் என்ற இரு பயணிகள் கப்பல்கள் மோதிக்கொண்டன. இரண்டும் ரேடாரில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டுதான் வந்தன. மூடுபனியில் ஒன்று இடப்பக்கமும் மற்றது வலப்பக்கமும் திரும்பின. ஆன்ட்ரியா டோரியா மூழ்கிப்போனது.

இதனால்தான் கடல்படிப்பு மாணவர்கள் சிமுலேட்டர் அறையில் பழகுகிறார்கள். ஜன்னல்கள் இருக்க வேண்டிய இடத்தில் திரைகள், அவற்றில் கடல். சுக்கானைத் திருப்பினாலும் பெரிய கப்பல் உடனே திரும்பாது என்பது அங்கேயே உறைக்கும். பயிற்சியில் கடினமானது வேறு ஒன்று. வழி விடவேண்டிய கப்பல் விலகாமலே வருகிறது. நீங்கள் திசையும் வேகமும் மாற்றாமல் போகவேண்டியவர். சந்தேகம் வந்ததும் குறைந்தது ஐந்து முறை சுருக்கமாக ஊதல் ஒலிக்க வேண்டும். அப்போதும் அது திரும்பவில்லையென்றால், உங்கள் முறை இல்லாவிட்டாலும் நீங்கள் விலகலாம். அது தனியாக விலகி மோதலைத் தவிர்க்க முடியாத அளவுக்கு நெருங்கிவிட்டால், நீங்களும் விலகியே தீர வேண்டும். அந்த நொடி எது என்று கண்டுபிடிக்கத்தான் இத்தனை பயிற்சியும்.