கேடயமும் கணக்கேடும்

அங்கத்தினர்களே! நம் சங்கம் கேடயம் பெற்றால் மகிழ்கிறோம். அதன் பெருமையோ கணக்கேட்டின் உண்மையைப் பொறுத்தது. இதற்கோர் அயல்நாட்டுச் சான்று கூறுவோம்.

அமெரிக்காவில் பொதுப் பள்ளிகளை நிர்வகிப்பவை பள்ளி மாவட்டங்கள். நகரப் பள்ளி மாவட்டங்களுக்கென ஏற்பட்ட பிராட் பரிசை 2002-இல் முதன்முதலாகப் பெற்றது டெக்ஸாஸ் மாநிலத்து ஹூஸ்டன். பரிசுத் தொகை மாணவர்க்கு உபகாரச் சம்பளமாயிற்று. மறு ஆண்டே அதன் 16 பள்ளிகளின் பதிவேடுகள் தணிக்கை செய்யப்பட்டன. பள்ளியைவிட்டு நீங்கிய சுமார் 5,500 பேரில் பாதிக்கு மேற்பட்டோர் படிப்பை இடையில் நிறுத்தியோராகக் கருதத்தக்கவர்கள். ஏட்டிலோ அவ்வாறு காட்டப்படவில்லை! பெயர் மங்கியது. எனினும் 2013-இல் ஹூஸ்டன் அதே பரிசை மீண்டும் பெற்றது.

ஏட்டில் மறைக்கப்பட்ட பிள்ளையைத் தேடிச் செல்வார் யார்? தவணை தவறிய அங்கத்தினரை மறைக்கும் சங்கமும் அவருக்குக் கைகொடுக்க இயலாது. இதனை நாம் மறவாதிருப்போமாக.