பாவனை விளையாட்டும் பிள்ளை மனமும்

மழை ஓய்ந்த பிற்பகலில் நம் சேர்வராயன் மலையின் காப்பித் தோட்டங்கள் பக்கம் சென்றால் இனியதொரு காட்சியைக் காணலாம். சில்வர் ஓக் மரத்தடியில் மூன்று கற்களை அடுப்பாகக் கூட்டி, சிரட்டையில் ஈரமண்ணைச் சோறாக்கி, சிவந்த காப்பிப் பழங்களைக் குழம்பாக்கிச் சிறுமியர் விருந்து சமைத்துக்கொண்டிருப்பார்கள். இது இன்று நேற்று வந்த விளையாட்டன்று. சிற்றில் கட்டுவதையும் சிறுசோறு சமைப்பதையும் நம் பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் தனிப் பருவங்களாகவே வகுத்துப் பாடினார்கள்.

ஒன்றை மற்றொன்றாக எண்ணி ஆடும் இதனைப் பாவனை விளையாட்டு என்கிறோம். ஏறக்குறைய ஒன்றரை வயதில் இது அரும்புகிறது. வெறுங்கிண்ணத்தில் பால் குடிப்பதுபோல் நடிக்கும் குழந்தை, இல்லாத பாலை மனத்தில் காணக் கற்றுக்கொண்டுவிட்டது. நாம் துன்பத்தைச் சொல்லி ஆற்றிக்கொள்கிறோம். குழந்தையோ ஆடி ஆற்றிக்கொள்கிறது. பேச்சு எளிதில் வராத சிறப்புக் குழந்தைக்கு இந்த ஆட்டமே பேச்சாகவும் அமைகிறது. இதனை நாங்கள் நூலில் படித்து அறியுமுன், ஒரு சிறுமியிடம் தவறு செய்தே அறிந்துகொண்டோம்.

எங்களுக்குத் தெரிந்த வீட்டில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி இருக்கிறாள். டவுன் சிண்ட்ரோம் என்னும் பிறவி நிலை உடையவள். இந்நிலை உள்ள குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இருதயக் குறையும் இருக்கும். இவளுக்கும் இருந்தது. மலையிறங்கிச் சென்று அறுவை சிகிச்சை முடித்துத் திரும்பினாள். உடல் தேறியது, மனம் தேறவில்லை. வெள்ளை உடையைக் கண்டாலே கட்டிலடியில் ஒளிந்துகொள்வாள். பார்க்க வந்த அருட்சகோதரியைக் கண்டும் அலறினாள்.

சில நாட்களில் ஒரு விளையாட்டைத் தொடங்கினாள். துணிப் பொம்மையைப் படுக்க வைத்து, காப்பிக் குச்சியால் அதன் கையில் குத்துவாள். மீண்டும் மீண்டும் குத்துவாள். "பாவம், பாப்பாவுக்கு வலிக்குமே!" என்று சொல்லி நாங்கள் பொம்மையை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டோம். அன்று முழுவதும் அவள் சாப்பிடவில்லை. அவளிடமிருந்து நாங்கள் பறித்தது பொம்மையை மட்டுமன்று, அவளுடைய வாய்ச்சொல்லையுமே என்பது அப்போது எங்களுக்குப் புரியவில்லை. அவள் பாட்டிதான் பொம்மையை எடுத்துக் கொடுத்து, "விடுங்கம்மா, அவ பட்டதைத்தானே அவ சொல்றா" என்றார்கள்.

அதன்பின் குறுக்கிடாமல் அருகே அமர்ந்து பார்த்தோம். ஊசி போடும் ஆட்டம் பல வாரங்கள் நடந்தது. ஒருநாள் குத்திய இடத்தில் துணி சுற்றினாள். பிறகொரு நாள் பெரிய பொம்மை ஒன்றைக் கொண்டுவந்து, சின்னப் பொம்மையின் கையைப் பிடித்துக்கொள்ளச் செய்தாள். கடைசியில், "முடிஞ்சிச்சு, வீட்டுக்குப் போலாம்" என்று பொம்மையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். அறுவை சிகிச்சைக்குப் பின் அவள் சேர்த்துப் பேசிய மிக நீண்ட வாக்கியம் அதுதான்.

ஆட்டம் மாறிய விதத்தைக் கவனியுங்கள். மருத்துவமனையில் எல்லாம் அவளுக்குச் செய்யப்பட்டன. விளையாட்டில் எல்லாவற்றையும் அவளே செய்தாள். அஞ்சியவள் ஆள்பவளானாள். முதலில் வலி மட்டுமே இருந்த கதையில் கட்டு வந்தது, தாய் வந்தாள், முடிவும் வந்தது. மனப்புண் ஆறுவதன் அடையாளம் இதுவே.

உலகறிந்த சான்றும் உண்டு. அமெரிக்க உளநூல் அறிஞர் வர்ஜீனியா ஆக்ஸ்லைன் 1964-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், டிப்ஸ் என்ற புனைபெயரால் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். அவன் பள்ளியில் மேசையடியில் பதுங்கிக் கிடந்தான். மூளை வளர்ச்சி குன்றியவனோ என்று பெரியவர்கள் ஐயுற்றார்கள். ஆக்ஸ்லைன் அவனை விளையாட்டு அறையில் விட்டு, அவன் போக்கிலேயே ஆடவிட்டார். அப்பா என்று பெயரிட்ட பொம்மையை அவன் மணலில் புதைத்தான். பின்னாளில் ஆடிய ஆட்டத்திலோ, தீப்பற்றிய வீட்டிலிருந்து பெற்றோரைச் சிறுவனே காப்பாற்ற முனைந்தான். கோபம் வெளிப்பட்டுத் தீர்ந்தபின் உள்ளே இருந்த அன்பு வெளிவந்தது. குழந்தையை உள்ளபடி ஏற்றுக்கொள்வது, அவசரப்படுத்தாமை, குழந்தை முன்செல்ல நாம் பின்செல்வது ஆகியவை அவர் வகுத்த நெறிகளுள் சில.

எனினும் எல்லா விளையாட்டும் தானாகவே மருந்தாகிவிடாது. 1976-ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் பள்ளிப் பேருந்தோடு 26 குழந்தைகள் கடத்தப்பட்டு மீண்டார்கள். அவர்களை ஆராய்ந்த மருத்துவர் லெனோர் டெர், சிலர் அச்சம் தணியாமலே அதே ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆடியதைக் கண்டார். ஆட்டம் மாறாமல், ஆடியபின் குழந்தை மேலும் கலங்கினால் மனநல மருத்துவரை நாடவேண்டும். ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலருக்குப் பாவனை விளையாட்டு எளிதில் வருவதில்லை. கூழாங்கற்களை வரிசையாக அடுக்குவதே அவர்களுக்கு ஆறுதலாக இருக்கலாம். அதனால் அவர்களுக்கு உணர்ச்சி இல்லை என்று எண்ணிவிடக் கூடாது.

பெற்றோர்களே, விலையுயர்ந்த பொம்மைகள் தேவையில்லை. சிரட்டை, துணி, மணல், கொஞ்சம் நேரம் ஆகியவை போதும். தனக்கோ பிறருக்கோ காயம் நேரும் என்றால் மட்டும் தடுங்கள். "பாப்பாவுக்குப் பயமா இருக்கு போல" என்று கண்டதைச் சொன்னால் போதும். கதையை நீங்கள் முடித்து வைக்காதீர்கள். மாணவத் தோழியரே, கூட்டாஞ்சோறு ஆக்கும்போது ஓரமாக நிற்கும் தங்கைக்கு எப்போதும் 'குழந்தை' வேடத்தையே கொடுக்காதீர்கள். அவள் ஒருநாள் அம்மாவாகட்டும், டாக்டராகட்டும்.

அண்மையில் அதே அருட்சகோதரி அந்த வீட்டுக்குச் சென்றார்கள். சிறுமி ஒளியவில்லை. ஒரு கயிற்றைக் காதில் மாட்டி, மறுமுனையை அவர்கள் நெஞ்சில் வைத்துக் கேட்டாள். "பயப்படாதீங்க" என்றாள்.

அவளுக்கு யாரோ ஒருநாள் சொல்லியிருக்க வேண்டிய சொல் அது.