கைபேசியில் ஒரு மீன்கடை

பொழுது விடியுமுன்பே ராயபுரம் காசிமேட்டில் ஏலம் சூடு பிடித்துவிடும். வஞ்சிரம் என்ன, சங்கரா என்ன, நண்டு என்ன! கூடை சுமந்த கைகளில் இப்போது கைபேசியும் ஏறிவிட்டது. மீனைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால், அண்ணாநகர் அம்மாள் அடுப்படியில் இருந்தபடியே "ஒரு கிலோ" என்கிறாள்.

சுலபமான வியாபாரமா? இல்லவே இல்லை! லிசியஸ், பிரஷ் டு ஹோம் போன்ற பெரிய கம்பெனிகளும் இதே சென்னையில் வீடு தேடி மீன் தருகின்றன. அவர்களோடு விலைக் குறைப்பில் மல்லுக்கு நின்றால், கைமுதல் ஐஸ் கட்டியாய்க் கரைந்துவிடும்.

சூட்சுமம் எடையில் இருக்கிறது. ஏலத்தில் எடுத்தது முழு மீன். தலையும் குடலும் செதிலும் போக மிஞ்சுவதே துண்டு. அந்தக் கழிவையும், ஐஸ், வெட்டுக்கூலி, பெட்ரோல் செலவையும் துண்டின் விலையில் சேர்க்க மறந்தவர் பாடு திண்டாட்டம்தான். போதாக்குறைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அப்போது வரத்துக் குறைவு, விலையோ நெருப்பு!

பிரஷ் டு ஹோமின் பூர்வீகமும் ஒரு சின்னக் கடைதான். கேரளத்து மாத்யூ ஜோசப் 2012-ல் 'சீ டு ஹோம்' என்று இணையத்தில் மீன் விற்றார். கடை படுத்துவிட்டது. வாடிக்கையாக வாங்கிவந்த ஷான் கடவில் சும்மா இருக்கவில்லை. அவரைத் தேடிப் பிடித்தார். 2015-ல் இருவரும் கூட்டாளிகள் ஆனார்கள்.

காசிமேட்டுக்காரரும் அப்படிப்பட்ட வாடிக்கையைத்தான் தேடுகிறார். வஞ்சிரம் நன்றாக இல்லாத நாளில், கைக்கு வரும் காசை விட்டுவிட்டு, "இன்று வேண்டாம் அம்மா, சங்கரா வாங்குங்கள்" என்று செய்தி அனுப்புகிறார்.