நடுக்கம் நின்றுவிட்டதே என்று நிம்மதி அடையாதீர்கள்

"ஒரு மணி நேரமா வெடவெடன்னு நடுங்கிட்டே வந்தான் டாக்டர். இப்ப நின்னுடுச்சு, நல்லா தூங்குறான். பயம் ஒண்ணும் இல்லையே?"

கேட்டவர் முகத்தில் நிம்மதி. எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது. ஸ்ட்ரெச்சரில் கிடந்த இளைஞருக்கு 25 வயதுகூட இருக்காது. ஈரத்தில் ஊறிய காட்டன் டி-ஷர்ட், பலகைபோல் விறைத்த ஜீன்ஸ். பிராந்தி வாடையும் நீலகிரித் தைல வாடையும் சேர்ந்து அறையையே நிறைத்தன. நீலகிரியின் அவலாஞ்சிப் பக்கம் புல்வெளி மேட்டில், அனுமதியும் இல்லாமல் வழிகாட்டியும் இல்லாமல் நடக்கப் போயிருக்கிறார்கள். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது.

பருவமழைக் காலத்திலும் பனிக்காலத்திலும் இப்படிச் சிலரைப் பார்த்துவிடுகிறேன். எல்லோரும் வருவது தாமதமாகத்தான். வருவதற்கு முன்பு கைவைத்தியம் எல்லாம் முடிந்திருக்கும்.

'12 டிகிரிதானே!'

கைபேசியில் ஊட்டிக்கு 12 டிகிரி என்று பார்த்துவிட்டு, "ஏசி ரூம் மாதிரிதானே" என்று கிளம்புகிறார்கள். அந்த எண் ஊட்டி நகரத்துக்கு உரியது. ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். சுமார் 2,630 மீட்டர் உயரமுள்ள கோலாரிபெட்டா உச்சி மேட்டுப்பாளையத்தைவிட 15 டிகிரி குளிராக இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் காற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை. சோலைக்குள் நடக்கும்போது காற்று தெரியாது. மரம் முடிந்து புல்வெளி தொடங்கும் இடத்தில்தான் அது ஆளைத் தள்ளும்.

மழையைக் கேட்கவே வேண்டாம். 2019 ஆகஸ்ட் 8ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் அவலாஞ்சியில் பதிவானது 820 மில்லிமீட்டர். சென்னைக்கு ஓராண்டு முழுக்கப் பெய்வதே சுமார் 1,400தான். அத்தனை மழை தேவையில்லை, ஒரு மணி நேரத் தூறல் போதும். நனைந்த துணி உடம்புச் சூட்டை உறிஞ்சும் வேகமே வேறு. உறைபனி விழும் ஜனவரி விடியலில் எல்லோரும் கம்பளியோடு இருப்பார்கள். ஜூலையில் 12 டிகிரியில் நனைந்து, காற்றில் நிற்பவர்தான் என்னிடம் அதிகம் வருகிறார்.

நடுக்கம் ஒரு நல்ல வேலைக்காரன்

நடுக்கம் என்பது உடம்பு தானே சூடு உண்டாக்கிக்கொள்ளும் வழி. உடம்பின் உள்சூடு 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் ஆபத்து தொடங்கிவிட்டது என்று பொருள். 32 வாக்கில் நடுக்கம் அடங்க ஆரம்பிக்கும். குளிர் விட்டுவிட்டதால் அல்ல, உடம்பு கைவிட்டதால். அதற்கு முன்பே அறிகுறிகள் தெரியும். நாக்கு குழறும், சமதரையில் கால் தடுக்கும், சட்டைப் பொத்தானைப் போட விரல் வராது. கலகலப்பாகப் பேசிவந்தவர் எரிந்து விழுவார், அல்லது பேச்சே நின்றுவிடும். "டயர்டா இருக்கான், விடுங்க" என்று விட்டுவிடாதீர்கள். முற்றிய நிலையில் சிலர் புழுங்குகிறது என்று ஸ்வெட்டரைக் கழற்றுவதும் உண்டு.

காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை நம்பாதீர்கள். பழைய பாதரசக் குழாயில் அளவே 94, 95 பாரன்ஹீட்டில்தான் தொடங்கும். அதற்குக் கீழே போனவருக்கும் அது அதையேதான் காட்டும்.

பிராந்தி, தைலம், கரியடுப்பு

"ரெண்டு மூடி பிராந்தி உள்ளே போனா சூடு வந்துடும்." இதைச் சொல்லாத ஆளே மலையில் இல்லை. சாராயம் தோலின் ரத்தக்குழாய்களை விரிக்கிறது. உள்ளே இருந்த சூடான ரத்தம் தோலுக்கு வருகிறது, முகம் சிவக்கிறது, வெதுவெதுப்பாகத் தெரிகிறது. அந்தச் சூடு வெளியே போய்க்கொண்டிருக்கிறது என்பதுதான் உண்மை. போதாததற்கு நடுக்கத்தை அடக்கும், ரத்தச் சர்க்கரையையும் இறக்கும்.

நீலகிரித் தைலம் எங்கள் ஊர்ச் சரக்கு, குறை சொல்ல எனக்கே மனம் வரவில்லை. ஆனால் அது தோலில் எரிச்சலைத்தான் தரும், உடம்புக்குச் சூட்டைத் தராது. சர்க்கரையில் நாலு சொட்டு விட்டு விழுங்கக் கொடுப்பவர்களைக் கண்டால் கோபம் வருகிறது. உள்ளே போனால் வலிப்பு வரலாம். குழந்தைகளுக்குக் கொஞ்சம் போனாலும் ஆபத்து.

கை கால்களைப் பரபரவென்று தேய்ப்பதும் வேண்டாம். குளிர்ந்துபோன இதயம் முரட்டுத்தனத்தைத் தாங்காது, துடிப்பு தாறுமாறாகிவிடலாம். மரத்த காலை வெந்நீரில் வைத்துத் தோல் வெந்து வந்தவரும் உண்டு.

எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது கரியடுப்புக்கு. அறைக்குள் கரியைப் பற்றவைத்து, ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுகிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, புகையும் தெரியாது. நீலகிரியில் இப்படித் தூக்கத்திலேயே போனவர்கள் உண்டு. காலையில் அறையில் எல்லோருக்குமே தலைவலி, வாந்தி என்றால் பிரியாணியைக் குற்றம் சொல்லாமல் முதலில் கதவைத் திறந்து வெளியே வாருங்கள்.

பிறகு மாத்திரைகள். நடுக்கத்தைக் 'குளிர் ஜுரம்' என்று நினைத்துப் பாராசிட்டமாலும், தூக்கம் வரவழைக்கும் சளி மாத்திரையும் சேர்த்துப் போடுகிறார்கள். ஒருவர் லடாக் போகும் நண்பர் சொன்னார் என்று, மலை உயர நோய்க்கான அசெட்டசோலமைட் மாத்திரையை விழுங்கிவிட்டு வந்தார். ஊட்டி 2,240 மீட்டர்தான், ஐயா! இங்கே காலையில் ஏறி மாலையில் இறங்குபவருக்கு அதற்கு அவசியமே இல்லை. அந்த மாத்திரையால் அவர் கண்ட பலன், மழையில் பத்து முறை சிறுநீர் கழிக்க ஒதுங்கியதுதான்.

என்ன செய்யலாம்?

காற்று படாத இடத்துக்குக் கொண்டுபோங்கள். ஈரத்துணியைக் கழற்றி, காய்ந்த உடையும் குல்லாவும் போடுங்கள். தரையிலிருந்தும் குளிர் ஏறும், அடியில் ஏதாவது விரியுங்கள். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி அக்குளிலும் மார்பிலும் வைக்கலாம். நன்றாக விழித்திருப்பவருக்கு மட்டும் சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீ. மயங்கி வருபவரை நடக்க வைக்காதீர்கள், 108ஐ அழையுங்கள். மருத்துவமனையில் ஈசிஜி, ரத்தச் சர்க்கரை பார்ப்போம்.

கெஞ்சித்தான் கேட்கிறேன்

நடக்க வராதீர்கள் என்று சொல்லவில்லை. அவலாஞ்சியிலிருந்து கோலாரிபெட்டாவுக்கு வனத்துறையே 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் வழிகாட்டியோடு கூட்டிப்போகிறது, அதில் போங்கள். ஜீன்ஸை அறையிலேயே விட்டுவிடுங்கள். காய்ந்த சட்டை ஒன்று, சாக்ஸ் ஒரு ஜோடி, குல்லா, மூன்றையும் பாலிதீன் பையில் கட்டி எடுத்துக்கொள்ளுங்கள். குடை அந்தக் காற்றில் நிற்காது, ரெயின்கோட் வேண்டும். சர்க்கரை நோய், தைராய்டு குறைவு உள்ளவர்களும் வயதானவர்களும் வானம் மூடியிருந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். ரெட் அலர்ட் என்று சொல்லிச் செக்போஸ்ட்டில் இருப்பவர் திருப்பி அனுப்பினால் அவரோடு சண்டை போடாதீர்கள், குறுக்கு வழி தேடாதீர்கள். எமரால்டு கிராமத்தைத் தாண்டினால் சிக்னலை நம்ப முடியாது. அதற்கு முன்பே, எந்தப் பக்கம் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று ஒருவரிடமாவது போனில் சொல்லிவிடுங்கள்.