தழும்பு தெரியாத கழுத்து அறுவை

திருப்பூர்ப் பனியன் ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். தையலின் ஓரங்கள் உட்புறத்தில் அடங்கியிருக்கும். தையலின்றி ஆடை இல்லை. அதைப் பிறர் கண்ணில் படாத இடத்தில் அமைப்பதே தொழில் திறமை. இதே கருத்தை அறுவை மருத்துவர்கள் மனிதக் கழுத்தில் செயற்படுத்தியுள்ளனர். அது எவ்வாறு என்பதைச் சிறிது ஆராய்வோம்.

குரல்வளைக்குக் கீழே, மூச்சுக்குழலைத் தழுவி, வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்திருப்பது தைராய்டுச் சுரப்பி. அதன் பின்புறம் துவரம்பருப்பு அளவில், பெரும்பாலோர்க்கு நான்கு பாராதைராய்டுச் சுரப்பிகள் உள்ளன. குருதியில் சுண்ணாம்புச் சத்தின் அளவைக் காப்பது இவற்றின் கடமை. இவற்றை மனித உடலில் கண்டு 1880-இல் விளக்கி எழுதியவர் ஸ்வீடன் நாட்டு ஐவர் சாண்ட்ஸ்ட்ரம். கண்டபோது அவரும் உங்களைப் போல் ஒரு மாணவரே! குரலை இயக்கும் நரம்பும் இவற்றை ஒட்டியே செல்கிறது.

முற்காலத்தில் தைராய்டு அறுவை பெரிதும் உயிருக்கு ஆபத்தாக இருந்தது. அதைப் பாதுகாப்பானதாக்கியவர்களுள் தலையாயவர், 1909-இல் நோபல் பரிசு பெற்ற சுவிட்சர்லாந்து மருத்துவர் தியோடர் கோக்கர். முன்கழுத்தில் குறுக்காகக் கீறும் அவரது முறையே இன்றும் பெருவழக்கு. அது உயிரைக் காத்தது. ஆனால் கழுத்தில் ஒரு கோட்டை விட்டுச் சென்றது.

தைராய்டு நோய்கள் ஆண்களைவிடப் பெண்களையே மிகுதியாகப் பற்றுகின்றன. பின்னலாடை ஆலையில் உழைக்கும் இளம்பெண் ஒருத்தி, ‘மணம் பேச வருவோர் என் கழுத்தைப் பார்த்து என்ன சொல்வரோ?’ என்றஞ்சி அறுவையைத் தள்ளிப் போட்டால், கட்டி காத்திருக்குமா? தழும்பு சிறு செய்தியன்று என்பது இதனால் விளங்கும்.

1996-இல் மிஷேல் காக்னர் என்பவர் உள்நோக்கிக் கருவியின் துணையால் பாராதைராய்டு அறுவை செய்து வழி காட்டினார். அடுத்த ஆண்டே தைராய்டிலும் அம்முறை கையாளப்பட்டது. பின்னர் அக்குள் வழியாகவும் மார்பு வழியாகவும் கழுத்தை அடைந்தனர். தாய்லாந்தின் பாங்காக் நகரில் அங்கூன் அனுவோங், கீழுதட்டின் உட்புறம் மூன்று சிறு துளைகளிட்டு, 60 பேருக்குச் செய்த அறுவையை 2016-இல் வெளியிட்டார். நடுத்துளை வழியே விளக்குடன் கூடிய காமிராவும், பக்கத் துளைகள் வழியே மெல்லிய கருவிகளும் செல்கின்றன. கரியமில வாயுவைச் சிறிதளவு செலுத்தித் தோலுக்கடியில் இடமுண்டாக்குகின்றனர். திரையில் பெரிதாகத் தெரியும் உருவத்தை நோக்கியே வேலை நடைபெறுகிறது. வாயின் உட்புறப் புண் விரைவில் ஆறிவிடும். வெளியே தழும்பு தோன்றாது.

ஆயினும் ‘தழும்பற்ற அறுவை’ என்பது உபசார வழக்கே. தழும்பு இடம் மாறுகிறது; அவ்வளவுதான். மிகப் பெரிய கழலைக்கும், பரவிய புற்றுநோய்க்கும் இம்முறை ஏற்றதன்று. மோவாய் சிலநாள் மரத்துப் போவதுமுண்டு. எவ்வழியே சென்றாலும் குரல் நரம்பு பழுதுபட்டால் குரல் கம்மும். பாராதைராய்டுகள் கெட்டால் விரல்கள் மதமதக்கும், தசைகள் இழுக்கும். ஆகவே பழகிய கையே முதல் தேவை.

சென்னை மருத்துவக் கல்லூரியில் நாளமில்லாச் சுரப்பி அறுவைக்கெனத் தனித்துறையே உள்ளது. கழுத்தில் கட்டி கண்டால், தழும்புக்கு அஞ்சி மறைக்காமல் முதலில் மருத்துவரிடம் காட்ட வேண்டும். எந்த வழி என்பதைப் பிறகு அவரோடு கலந்து முடிவு செய்யலாம். தையல் மறைந்திருப்பது அழகு. அது உறுதியாக இருப்பதே ஆடைக்கு உயிர்.