டவர் ஒன்று படுத்துவிட்டால் பக்கத்து டவர் கைகொடுக்குமா? தானே சரிசெய்துகொள்ளும் மொபைல் நெட்வொர்க்

“ஹலோ... கேக்குதா? ஹலோ!”

சேப்பாக்கத்தில் மேட்ச் நடக்கும்போது ஸ்டேடியத்திலிருந்து யாருக்காவது போன் செய்திருந்தால், இந்த வசனத்தை நீங்களும் பேசியிருப்பீர்கள். மற்ற நாள்களில் காலியாகக் கிடக்கும் இடத்தில், அன்று மட்டும் பல ஆயிரம் போன்கள். இதை நெட்வொர்க் எப்படிச் சமாளிக்கிறது?

முன்பு எப்படி?

லேப்டாப், டெஸ்ட் போன்களுடன் காரில் ஏறித் தெருத்தெருவாக சிக்னலை அளப்பார்கள். இதுதான் ‘டிரைவ் டெஸ்ட்’. எங்கே கால் கட் ஆகிறது என்று பார்த்து, டவரில் ஆள் ஏறி ஆன்டெனாவின் சாய்வை மாற்றுவார். ஒன்றை மாற்றினால் பக்கத்தில் இருப்பதும் பாதிக்கும். பெரிய நகரத்தில் இதைக் கையாலேயே செய்து முடியுமா?

அதனால்தான் மொபைல் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு, 4ஜி அறிமுகமான ‘ரிலீஸ் 8’-லேயே தானியங்கி வசதிகளைச் சேர்த்தது. இதன் பெயர் ‘செல்ஃப் ஆர்கனைசிங் நெட்வொர்க்’.

இது என்ன செய்யும்?

1. அமைத்துக்கொள்ளும்: ஒவ்வொரு செல்லுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. 4ஜியில் மொத்தமே 504 எண்கள்தான், 5ஜியில் 1,008. அதனால் ஒரே எண்ணைப் பல இடங்களில் கொடுத்தாக வேண்டும். அருகருகே ஒரே எண் வந்தால் போன் குழம்பிவிடும். புது டவர் வரும்போது, மோதாத எண்ணை மென்பொருளே தேர்வு செய்யும். பக்கத்து செல்கள் எவை என்பதை நம் போன்கள் தரும் தகவலிலிருந்து தெரிந்துகொள்ளும்.

2. சீராக்கும்: ஒரு செல்லில் கூட்டம் அதிகமானால், சிலரைப் பக்கத்து செல்லுக்கு நகர்த்தும். ஆன்டெனாவின் சாய்வை மாற்ற இப்போது டவரில் ஏறவே வேண்டாம். இருந்த இடத்திலிருந்தே மாற்றலாம்.

3. ஆற்றிக்கொள்ளும்: ஒரு செல் செயலிழந்தால், சுற்றியுள்ளவை தங்கள் ஆன்டெனாவைச் சற்று நிமிர்த்தி, அந்த இடத்தையும் முடிந்தவரை எட்டிப்பிடிக்கும்.

அப்போ மிக்ஜாமில் என்ன ஆச்சு?

நியாயமான கேள்வி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் பல பகுதிகளில் கரண்டும் இல்லை, சிக்னலும் இல்லை. படகு வேண்டும் என்று கேட்கக்கூட வழியில்லாமல் பலர் தவித்தார்கள்.

பக்கத்து டவர் உயிரோடு இருந்தால்தான் அது கைகொடுக்க முடியும். ஒரு பகுதி முழுக்க மின்சாரம் போய், பேட்டரி தீர்ந்து, ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுபோகும் பாதையும் மூழ்கிவிட்டால், எவ்வளவு புத்திசாலி மென்பொருளாலும் ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. எது முக்கியம் என்று மனிதர்கள் சொல்லிக்கொடுத்ததைத்தான் மென்பொருள் தேடும். சராசரி வேகத்தை மட்டும் கூட்டச் சொன்னால், கூட்டம் உள்ள இடத்துக்கே கவனம் போகும். ஊர் எல்லையில் உள்ள நாலு வீடுகள் கணக்கில் கரைந்துபோகும். மின்சாரத்தை மிச்சப்படுத்த இரவில் சில அலைவரிசைகளை அணைக்கும்போதும் இதே கவனம் தேவை.

ஒன்று ஞாபகம் இருக்கட்டும்: உங்கள் நிறுவனத்தின் சிக்னல் இல்லாவிட்டாலும், வேறு நிறுவனத்தின் டவர் எட்டினால் அவசர எண் 112-க்கு அழைப்பு போக வாய்ப்பு உண்டு. சிக்னல் இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். ஒருமுறை டயல் செய்து பாருங்கள்.